ஃபோஸ்: ஒரு கிரேக்கச் சொல்லும் தமிழ் விவிலியத்தில் அதன் பெயர்ப்புகளும்

திண்டுக்கல் நகரில் தென்னிந்தியத் திருச்சபையினரும் கத்தோலிக்கரும் வாசிக்கும் மத்தேயு நற்செய்தி, 5:14-இல் சீடரை ஒரே சொல்லால் சுட்டுவதில்லை. முன்னவர் பயிலும் பவர் குழுவினரின் பெயர்ப்பு (1871) அவர்களை உலகின் 'வெளிச்சம்' என்கிறது. பின்னவர்தம் திருவிவிலியம் (1995) 'ஒளி' என்கிறது. மூலத்தில் உள்ளதோ 'ஃபோஸ்' என்னும் ஒரு சொல்லே.

ஹோமரின் 'ஃபாஓஸ்' சுருங்கி 'ஃபோஸ்' ஆயிற்று. ஹோமரிடம் கதிரவனின் ஒளியைக் காண்டல் உயிரோடிருத்தலாகும்; போரில் தோழர்க்கு வாய்க்கும் மீட்சியும் ஒளியே. ஒடிசியில், மீண்டு வந்த தெலெமாக்கசை அவன் தாய் இச்சொல்லாலேயே விளிக்கிறாள். அவ்விடத்தில் தமிழுக்கு இயல்பானது 'ஒளியே' அன்று; 'கண்ணே' என்பதே.

புதிய ஏற்பாட்டிலும் இவ்விரிவு தொடர்கிறது. பவர் பெயர்ப்பு அதனை இடம் நோக்கிப் பிரிக்கிறது. சிறைக்காவலன் கேட்பவை 'தீபங்கள்' (அப். 16:29), பேதுரு குளிர்காய்வது 'நெருப்பு' (மாற்கு 14:54). ஏனைய இடங்களில் பெரும்பாலும் ஒளி, வெளிச்சம் என்னும் இரண்டும் நிற்கின்றன. கிறிஸ்துவுக்கு ஒளி, மாந்தர்க்கு வெளிச்சம் எனத் தகுதி நோக்கிய பாகுபாடு இது எனத் தோன்றலாம். யோவான் 8:12-உம் மத்தேயு 5:14-உம் அதற்கு இடந்தருகின்றன. ஆயின் யோவான் 12:36-இல் மாந்தரே 'ஒளியின் பிள்ளைகள்'. எபேசியர் 5:8-இல் 'வெளிச்சத்தின் பிள்ளைகள்'. எனவே தகுதி அன்று, பொருளே அளவுகோல் எனல் பொருந்தும். ஒளி என்பது சுடர்வது. 'வெளி'யடியாகப் பிறந்த வெளிச்சம், பொருள்கள் புலப்படும் நிலை. பகலில் நடப்போன் இடறாமல் காண்பதும் (யோவான் 11:9) அதனால் வெளிச்சமாயிற்று. ஒளிக்கோ, குறளின் 'பெருமை' அதிகாரம் காட்டுவதுபோல், புகழ் என்னும் பழம்பொருளும் உண்டு. மறைத்தற்பொருளில் வரும் 'ஒளி' என்னும் வினையும் வடிவில் அதுவே. மறைக்கவியலாத நகரைப் பேசும் மத்தேயுவின் வசனத்தில் வெளிச்சம் என்றது, கருதிச் செய்ததாயினும் அன்றாயினும், நல்ல தேர்வு.

திருவிவிலியம் இரண்டிடத்தும் ஒளி என்றதனால், சீடரின் ஒளிக்கும் ஆசிரியரின் ஒளிக்கும் மூலத்திலுள்ள சொல்லிணைப்பு மீள்கிறது. பவர் பெயர்ப்பின் வாசகருக்கு அது எட்டாது.

எனினும் பெரிய இழப்பு வேறிடத்தில் உள்ளது. லூக்கா 22:55-இல் முற்றத்தில் மூட்டப்படுவது 'பூர்', அதாவது நெருப்பு. அடுத்த வசனத்தில் பணிப்பெண் பேதுருவைக் காண்பது 'ஃபோஸ்' அருகில். சொல் மாறுவதற்குக் காரணம் உண்டு: அனல் அன்று, அதன் வெளிச்சமே அவன் முகத்தைக் காட்டிக்கொடுத்தது. பவர் பெயர்ப்பு ஈரிடத்தும் நெருப்பு என்றே நிறுத்துகிறது.