ஸ்டெம் செல் தானம்: ஊசி போட்டால் இரத்தத்தில் என்ன நடக்கிறது?

இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களால் அவதிப்படும் பலருக்கு, இன்னொருவர் தரும் ஸ்டெம் செல்தான் மறுவாழ்வு. உடன்பிறந்த ஒருவருடைய செல் முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பே உண்டு. அப்படிப் பொருந்தியவரும், "ஊசி போட்டால் நமக்கே புற்றுநோய் வந்துவிடுமோ?" என்று அஞ்சுவதுண்டு. அந்த ஊசி என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

ஸ்டெம் செல்கள் எலும்பு மஜ்ஜையில் தங்கியிருப்பவை. இரத்த ஓட்டத்தில் மிகச் சொற்பமாகவே இருக்கும். அவற்றை வெளியே கொண்டுவரத்தான் ஃபில்கிராஸ்டிம் என்ற மருந்து. கிருமித் தொற்றின்போது நம் உடலே சுரக்கும் ஒரு புரதத்தின் நகல் இது. உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம், 4 முதல் 5 நாட்கள் தோலுக்கு அடியில் போடுவார்கள். மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் பெருகுகின்றன. அவை வெளியிடும் நொதிகள், ஸ்டெம் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பை அறுக்கின்றன. செல்கள் இரத்தத்துக்கு வருகின்றன. ஐந்தாம் நாளில் இயந்திரம் அவற்றைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மீதி இரத்தத்தை உடலுக்கே திருப்பி அனுப்புகிறது.

அந்த நாட்களில் பரிசோதனை செய்தால், 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் 30,000-ஐத் தாண்டியிருக்கலாம். இது புற்றுநோய் அல்ல. பெருகியவை இயல்பான அணுக்களே. ஊசி நின்றபின் ஓரிரு வாரங்களில் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தானத்துக்குப் பின் தட்டணுக்கள் சற்றுக் குறையும். அதுவும் தானே சரியாகும்.

எலும்பு வலி, தலைவலி, சோர்வு ஆகியவை சாதாரணம். பாராசிட்டமால் போதும். மண்ணீரல் சற்று வீங்கும்; மிக அரிதாகக் கிழிவதும் உண்டு. எனவே இடப்பக்க மேல்வயிற்றிலோ இடது தோளிலோ கடும் வலி வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானம் செய்தவர்களைப் பல ஆண்டுகள் கண்காணித்ததில், இம்மருந்தால் இரத்தப் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவரவில்லை.

தானம் செய்வதும் மறுப்பதும் கொடையாளரின் உரிமை. ஆனால், சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பே வீரியமான மருந்து கொடுத்து நோயாளியின் மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். அதன் பிறகு கொடையாளர் பின்வாங்கினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. ஆகவே சந்தேகம் எதுவானாலும், சம்மதம் சொல்வதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.