எண் சொன்னால் யார் கேட்பது?

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி முடித்து வாளியோடு ஸ்டோருக்குப் போனால், கிராணி முதலில் எடுப்பது மெட்ரோலாக். அந்த மிதவைக் கருவியைப் பாலில் விட்டால், ரப்பர் எவ்வளவு தேறும் என்று காட்டிவிடும். தண்ணீர் கலந்திருந்தால் குட்டு உடைந்துவிடும். மரத்துப் பாலுக்கு அன்றாடம் அளவு உண்டு. வெட்டியவர் உடம்புக்கு?

டிரஸர் இருந்தார். காய்ச்சலுக்கு மாத்திரை, காயத்துக்குக் கட்டு, மீறினால் பட்டணத்து ஆஸ்பத்திரி. தோட்டத்து டிரஸர்களைப் பதிவு செய்ய மலேசியாவில் 1965ல் தனிச் சட்டமே வந்தது. அவர்களைப் பற்றிய கேலிக்கதைகளுக்கும் குறைவில்லை. ஆனாலும் எந்த லயத்தில் யாருக்கு என்ன நோவு என்று தெரிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. அங்கிருந்து வந்த குடும்பங்கள் பேராக் மாநிலத்தில் ஈப்போவின் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் இருக்கின்றன. இன்று அவர்கள் உடம்பை அளக்க ஆள் தேவையில்லை. கடிகாரம் நாடித்துடிப்பை எண்ணுகிறது, கைப்பேசி நடையைக் கணக்கு வைக்கிறது. அளக்க வேண்டிய அவசரமும் உண்டு. 2019ன் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய்; இந்தியர்களிடையே 31.4. ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

கருவிகளில் மெய்யாகவே பயன் தருவது, மேற்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் வில்லை. மயிரிழைபோல ஒரு நுனி தோலுக்குள் இருந்து 14 நாள் சர்க்கரையை அளக்கும். பால்வெட்டிக் காய்ப்பேறிய விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதன் பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். டின் பால் ஊற்றிய வெள்ளைக் காப்பியும் புந்தோங் முறுக்கும் உள்ளே போன சற்று நேரத்தில் கோடு மேலே ஏறுவதைத் தன் கைப்பேசியிலேயே பார்த்தவரிடம் டாக்டர் அதிகம் பேச வேண்டியிருக்காது. ஆனால் அது அளப்பது ரத்தத்தை அல்ல, திசுநீரை. அதனால் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். மயக்கம் வருவதுபோல் இருக்கிறது, வில்லையோ எல்லாம் சரி என்கிறது என்றால் விரலில் குத்திப் பார்த்துவிட வேண்டும். விலை ஒன்றுக்கு 200 வெள்ளிக்கு மேல், மாதத்துக்கு இரண்டு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி.

விலை கேட்டு மலைத்தவர்களைக் குறிவைத்தே, குத்தாமல் சர்க்கரை பார்க்கும் கடிகாரம் என்று இணையத்தில் விற்கிறார்கள். அப்படிப்பட்ட எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

கோவிட் காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் ஆக்சிமீட்டரோ தோல் நிறம் பார்க்கிறது. சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் விரல்வழியே செலுத்தி உயிர்வாயுவைக் கணக்கிடும் கருவி அது. கறுப்பின நோயாளிகளிடம் உயிர்வாயுக் குறைவை அது கவனிக்காமல் விட்டது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020ல் எழுதினார்கள். நம்மில் பலர் தோலும் கறுப்புதான். 95 என்று காட்டுகிறதே என்று மூச்சுத் திணறலோடு உட்கார்ந்திருக்கக் கூடாது.

இத்தனை கருவிகளும் இல்லாமல் ஒரு காரியம் தென்னிந்தியாவில் நடந்தது. சென்னை டாக்டர் அ. இராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களைத் தேர்ந்தெடுத்தது. ஒரு பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிக் கைப்பேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி போனது. மற்றவர்களுக்குத் தொடக்கத்தில் சொன்ன அறிவுரையோடு சரி. இரண்டாண்டு கழித்துப் பார்த்தால், செய்தி கிடைத்தவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் கிடைக்காதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நோய் வந்திருந்தது. 2013ல் வெளியான முடிவு. சென்சாரும் கிடையாது, வரைபடமும் கிடையாது. விடாமல் நினைவுபடுத்த ஒரு குழு இருந்தது.

பேராக்கில் அப்படி நினைவுபடுத்துபவர் யார்? பெரும்பாலும் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் மகன். திரையில் அம்மாவின் சர்க்கரை 17 மில்லிமோல் என்று வந்ததும் பதறி அழைப்பான். "ஒன்னும் இல்லப்பா, கோயில்ல சக்கரப் பொங்கல் கொடுத்தாங்க" என்பார் அம்மா. அதோடு முடிந்தது. ஒரு வெள்ளி கட்டணத்தில் நன்றாகவே பார்க்கும் அரசாங்கக் கிளினிக்கில், அடுத்த தவணை வரும்வரை அந்த 17 யார் கண்ணிலும் படாது. கோவிட் காலத்து மைசெஜாத்ரா செயலியில் உடல்நிலையை எழுதினால் கவனிக்க மறுமுனையில் ஒரு மையம் இருந்தது. கூட்டம் பெருகியபோது திணறியது, ஆனாலும் இருந்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண்களே வீடு தேடிப் போய் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். சுங்கை சிப்புட்டில் பத்துத் தெருவுக்கு அப்படி ஒரு பெண்ணை அமர்த்தி, வில்லையின் எண்கள் அவர் கைப்பேசிக்கும் போகும்படி செய்ய, தொழில்நுட்பத்தில் ஒரு தடையும் இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் எந்தச் செயலியின் திட்டச் செலவிலும் இடம் காணோம்.