விரதம் என்று ஒதுங்குபவருக்கும் ஒரு சட்டி

எங்கள் ஊரில் பெண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றுகூடுவோம். சீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வழக்கு எல்லாம் பேசி முடிய மதியமாகிவிடும். பிறகு சேர்ந்திருந்து சாப்பிடுவோம். வீட்டுக்கு ஒரு கறி என்பதுதான் ஏற்பாடு. இறைச்சிக்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, கடலை, மிளகாய்ப் பொரியல், வடை என்று பாய் நிறையச் சாப்பாடு இருக்கும்.

ஓர் அக்கா மட்டும் ஒவ்வொரு முறையும் தேநீரோடு எழும்பிவிடுவார். கேட்டால் "விரதம்" என்பார். ஒருநாள் எனக்குச் சந்தேகம் வந்தது. "இண்டைக்கு என்ன விரதம் அக்கா?" என்று கேட்டேன். "நான் இல்லைப் பிள்ளை, என்ர வயிறுதான் விரதம் பிடிக்குது" என்று சிரித்தார். 2009 இல் வயிற்றில் செல் துண்டு பட்டு, குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். உறைப்பும் எண்ணெயும் சேர்ந்தால் இரவு முழுக்கப் படுக்க முடியாதாம். இத்தனை வருடங்களாக நாங்கள் அவருக்கு முன்னால் இருந்து சாப்பிட்டிருக்கிறோம்.

இப்படியானவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். காயத்தின் நோவுக்குப் பல வருடமாக மாத்திரை போடுபவர்கள், நேரத்துக்குச் சாப்பிடாதவர்கள், சலரோகக்காரர், வயதானவர்கள். தங்களுக்காக வேறாகச் சமைக்கச் சொல்ல இவர்கள் கூச்சப்படுவார்கள். அதனால் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னரே போய்விடுகிறார்கள்.

முதலில் ஒரு விளக்கம். "காஸ்ரிக்" என்று நாங்கள் சொல்வதற்கெல்லாம் மிளகாய்தான் காரணம் என்று நினைக்கிறோம். இரைப்பைப் புண்ணுக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா. 1982 இல் பரி மார்ஷல், ரொபின் வொரன் என்ற அவுஸ்திரேலிய மருத்துவர்கள் இதை இரைப்பையில் கண்டறிந்தார்கள். அதற்காக 2005 இல் நோபல் பரிசு பெற்றார்கள். மற்றையது டைக்குளோபினாக், இபுபுறோபன் போன்ற நோ மாத்திரைகள். இவை இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் படையைப் பலவீனமாக்கும். மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கனவே எரிவு உள்ள பலருக்கு அதைக் கூட்டிவிடும். ஆகவே உறைப்பைக் குறைப்பது எரிவைத் தணிக்க உதவலாம், நோயை மாற்றாது. அதற்குக் கிளினிக்கில் காட்டி மருந்து எடுக்க வேண்டும்.

எண்ணெயும் கட்டிப்பாலும் வேறு விதத்தில் வேலை செய்கின்றன. கொழுப்புக் கூடிய உணவு இரைப்பையில் நீண்ட நேரம் தங்கும். நெஞ்செரிவு உள்ளவருக்கும், நாட்பட்ட சலரோகத்தால் இரைப்பை மெதுவாக இயங்குபவருக்கும் இதனால் வயிறு ஊதியதுபோல் இருக்கும். கடலை, கௌபி போன்றவற்றில் சிறுகுடலால் உடைக்க முடியாத சில வகைச் சீனி உண்டு. அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பக்டீரியாக்களால் நொதிக்கும்போதுதான் வாய்வு உண்டாகிறது. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்தால் இது ஓரளவு குறையும்.

வெங்காயமும் உள்ளியும்கூடச் சிலருக்கு வாய்வைத் தரும். அவற்றில் வாய்வு தரும் பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. உள்ளியைச் சிறிது எண்ணெயில் வதக்கி, உள்ளியை எடுத்துவிட்டு அந்த எண்ணெயை மட்டும் கறிக்குச் சேர்த்தால் வாசம் இருக்கும், வயிறு ஊதாது.

அந்த அக்காவிடம் கேட்டபிறகு நான் கொண்டுபோகத் தொடங்கியது பயற்றங்கஞ்சி. இருபது பேருக்கு ஒவ்வொரு கோப்பை வரும் அளவு இது: தீட்டிய பச்சையரிசி 500 கிராம், வறுத்துக் கோது நீக்கிய பயறு 200 கிராம், தண்ணீர் 7 லீற்றர், சிறு துண்டு இஞ்சி. பயறை ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, அரிசியோடு குழைய அவித்து, அகப்பையால் மசிக்க வேண்டும். கடைசியில் தேங்காயின் இரண்டாம் பால் அரை லீற்றர் விட்டு, ஒரு கொதி வரமுன் இறக்கலாம். பிறசர் உள்ளவர்களுக்காக உப்பைக் குறைத்துப் போட்டு, வேண்டியவர்கள் சேர்க்க வேறாக வைக்கலாம்.

கஞ்சி வேண்டாமென்றால் இடியப்பமும் வெள்ளைச் சொதியும் நல்லது. சொதிக்குப் பச்சை மிளகாயை விட்டு, வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டு இரண்டாம் பாலில் வைக்கலாம். விதை நீக்கிய புடலங்காய்ப் பால்கறியும் பெரும்பாலானோருக்கு ஒத்துவரும்.

ஆனால் ஒரு சட்டி எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. கஞ்சி குழைந்திருப்பதால் சலரோகக்காரருக்குச் சீனி விரைவாக ஏறும். அவர்கள் அரைக் கோப்பையோடு மரக்கறி சேர்த்துச் சாப்பிடுவது நல்லது. கீரையும் தவிடுள்ள அரிசியும் உடம்புக்கு நல்லவைதான். ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு குடல் ஒடுங்கியிருப்பவருக்கு நார் கூடிய முருங்கைக்காய், பலாக்காய், ஒடியல் போன்றவை அடைப்பை உண்டாக்கலாம். அவர்களுக்கு எது ஒத்துவரும் என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும். வைத்தியர் சொன்னதையும் கேட்க வேண்டும்.

கொண்டுபோகும் விதமும் முக்கியம். சோற்றில் பசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் அவித்த பின்னும் உயிரோடு இருக்கும். சோறு ஆறிக் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சமைத்த உணவை 2 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம், 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேங்காய்ப் பால் சேர்ந்தது இன்னும் கெதியாகப் பழுதாகும். ஆகவே கூட்டம் நடக்கும் வீட்டிலேயே கடைசிப் பாலை விட்டு இறக்குவது நல்லது. அந்தச் சட்டிக்குத் தனி அகப்பை வேண்டும். இறைச்சிக்கறி அகப்பை அதற்குள் விழுந்தால் செய்த வேலை வீண்.

இன்னொன்றையும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவருக்கு வயிறு வீங்கி, முறுக்கிப் பிடித்து, சத்தி எடுத்து, மலமோ வாய்வோ போகாமல் இருந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். ஓமத்தண்ணி கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கறுப்பு மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் மெலிவது, விழுங்கக் கஷ்டப்படுவது ஆகியவற்றையும் "காஸ்ரிக்" என்று விட்டுவிடக் கூடாது.

அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி எங்களுக்கு முள்ளிவாய்க்காலை நினைவூட்டும். முதல்முறை கஞ்சிச் சட்டியைத் தூக்கிப்போகும்போது, இதைப் பார்த்து யாருக்கும் மனம் நோகுமோ என்று யோசித்தேன். "இதில உறைப்பு இல்லை, எண்ணெய் இல்லை, பயறு போட்டிருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி நடுவில் வைத்தேன். யாருக்காக என்று சொல்லவில்லை. அக்கா ஒரு கோப்பை எடுத்தார். பிறகு நான் எதிர்பார்க்காத மூன்று பேர் வந்து எடுத்தார்கள். அவர்களுக்கும் வயிற்றில் வருத்தம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது எங்கள் கூட்டத்தில் யார் என்ன கொண்டுவருவது என்று பிரிக்கும்போது, உறைப்பில்லாத சட்டி யாருடையது என்பதைத்தான் முதலில் கேட்கிறோம். அடுத்த முறை அது அக்காவின் பொறுப்பு. இடியப்பம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.