புளியங்கொட்டைக் கணக்கும் சிசுவின் ரத்தமும்

பென்னாகரத்து வாசகர் ஒருவர் எழுதுகிறார்: தாய்மாமனுக்கே வாழ்க்கைப்பட்ட தம் தங்கையின் தலைப்பிள்ளை, பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் புண் ஆறாமல் சீழ்வைத்து, அக்குளில் நெறி கட்டி, வாயெல்லாம் வெண்புண் படர்ந்து, நான்காம் மாதத்தில் நிமோனியா கண்டு இறந்துபோயிற்றாம். அவள் மறுபடியும் கர்ப்பவதியாயிருக்கும் இவ்வேளையில், குற்றம் ஊசியினுடையதா, குலதெய்வத்தினுடையதா என்று கேட்கிறார்.

இரண்டினுடையதும் அல்ல. அந்த ஊசியிலுள்ளது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த கிருமி; அதையும் அடக்கமாட்டாத தேகத்தோடு சில சிசுக்கள் பிறக்கின்றன. மாமனை மணந்தவள் பெறும் பிள்ளைக்கு மரபணுக்களில் சராசரி எட்டில் ஒரு பங்கு இருவழியிலும் ஒரே மூதாதையின் பிரதியாக வந்து சேர்வதால், தலைமுறையாக ஒளிந்துகிடந்த பழுது வெளிப்பட இடமேற்படுகிறது. கடிதத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாதாயினும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒருவகையான டி அணுக்கள் இன்றிப் பிறக்கும் ‘ஸ்கிட்’ என்னும் வியாதியையே இந்த லட்சணங்கள் முதலில் நினைக்கச் செய்கின்றன.

இவ்வகைப் பிறவி எதிர்ப்புக் குறைகளில் இன்னொன்றாக, கிருமியை எதிர்க்கும் காமாகுளோபுலின் என்ற ரத்தப் புரதம் அற்ற ஒரு சிறுவனைப் பற்றி 1952இல் அமெரிக்க ராணுவ வைத்தியர் புரூட்டன் எழுதினார். 2008இல் விஸ்கான்சின் மாகாணம் பிறக்கும் சிசுக்களுக்கெல்லாம் ஸ்கிட் சோதனையைத் தொடங்கிற்று. சரித்திரம் இவ்வளவு போதும். மனத்தைக் கவர்வது அச்சோதனையின் சூட்சுமம்.

தைமஸ் சுரப்பியில் உருவாகும் டி அணு, தனக்கென்று ஓர் ஏற்பியை அமைத்துக்கொள்ளத் தன் மரபிழையில் ஒரு துண்டை வெட்டியெடுத்து மீதியை ஒட்டிக்கொள்ள, வெட்டுண்ட துண்டு முனையோடு முனை சேர்ந்து ஒரு சிறு வளையமாகி அணுவுக்குள்ளேயே கிடக்கிறது. மாசி, பங்குனியில் தருமபுரிப் பக்கத்துத் திண்ணைகளில் பெண்கள் புளி உடைத்துக் கொட்டை எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: குவிந்த கொட்டையைக் கண்டே அவ்வீட்டில் எவ்வளவு புளி ஆயிற்று என்று சொல்லிவிடலாம். புளி கரைந்து எத்தனை சட்டிக் குழம்பானாலும் கொட்டை பெருகுவதில்லை; அவ்வாறே அணு பிரிந்து பல்கினாலும் வளையம் பல்குவதில்லை, ஆகையால் வளையங்களை எண்ணும் இச்சோதனை புதிதாய்ப் பிறந்த அணுக்களின் கணக்கையே காட்டும். கடையில் வாங்கிய புளியோ கொட்டை நீங்கியே வருகிறது. கருவிலே தாயின் முதிர்ந்த டி அணுக்கள் சிசுவின் ரத்தத்தில் புகுந்து, எண்ணிக்கை நிறைவானதுபோல் காட்டி வைத்தியரை மயக்குவதுண்டு; வளையம் ஏறக்குறைய அற்றுப்போன அவற்றால் இச்சோதனையை மயக்க இயலாது. குதிகாலில் குத்தி அட்டையில் உலர்த்திய சில துளி ரத்தம் போதும்.

நம் நாட்டில் இச்சோதனை எல்லாச் சிசுக்களுக்கும் செய்யப்படுவதில்லை. கிருமியை விழுங்கியும் கொல்லமாட்டாத வெள்ளணுக்களால் வரும் பரம்பரை நோயை இது காட்டுவதுமில்லை.

ஆகையால் சாதாரண ரத்த அணுக் கணக்கே முதற்படி. முதல் மாதங்களில், டி அணுக்களும் அடங்கிய லிம்போசைட்டுகள் மைக்ரோலிட்டருக்கு 3,000க்குக் கீழிருந்தால் சந்தேகிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் பெரியவர்களின் அளவு அச்சாகியிருந்தால் 1,500கூடச் சரியானதாகவே தோன்றும். மேற்கொண்ட பரிசோதனைகளுக்கு வேலூர் சி.எம்.சி.யும் சண்டிகர் பி.ஜி.ஐ.யும் இருக்கின்றன. வாசகரின் தங்கை பிரசவத்துக்குச் சேரும்போதே முதற்பிள்ளையின் கதையை வைத்தியரிடம் சொல்லி, சோதனை முடியும்வரை பி.சி.ஜி.யையும் போலியோ சொட்டு மருந்தையும் நிறுத்திவைக்கலாமா என்று கேட்க வேண்டும். இத்தகைய கதை இல்லாத வீடுகளில் அவற்றை ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது.