பேராலயத்தில் ஒரு விருந்தினர்

தொம்மலூரிலிருந்து சிவாஜிநகர் நெடுந்தொலைவன்று. அங்கே 1882ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பட்ட புனித மரியன்னை பேராலயம் உள்ளது. தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே திருப்பலி நடைபெறும். பிற சமயத்தாரும் வருவர். வாயிலில் எவரும் சமயம் வினவுவதில்லை. புதியவர் பின்வரிசையில் அமர்ந்து, பிறர் எழும்போது எழுந்து நின்றால் போதும். திருப்பலியின் இடையே அருகிலிருப்போர் திரும்பிக் கைகூப்பி, 'சமாதானம்' என வாழ்த்துவர். முன்பின் அறியாதவர்க்கும் அவ்வாழ்த்து உண்டு. புதியவரின் கூச்சம் பெரும்பாலும் அப்போதுதான் அகலும். நற்கருணை மட்டும் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்க்கே உரியது. அவ்வேளையில் ஏனையோர் இருக்கையிலேயே இருப்பர். அதனை யாரும் குறையாகக் கருதார். செப்டம்பர் 8 அன்னையின் பிறப்புப் பெருவிழா. அன்று சேலையுடுத்திய அன்னையின் தேர் தெருவில் உலாவரும். அதனைக் காணப் பல சமயத்தாரும் திரள்வர்.