காப்பியும் தசையும்

போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் உண்டு. விடியுமுன் வேலைக்குப் புறப்படுவோர் ஒரு குவளை வரக்காப்பியோடு மலையேறுவதை நான் இளமை முதல் கண்டிருக்கிறேன். "காப்பி உள்ளே போனால்தான் கையும் காலும் ஓடும்" என்பார் என் அத்தை. அக்கூற்றில் உண்மை எவ்வளவு? மாணவ நண்பர்களே, அதனைச் சற்றே ஆராய்வோம்.

1819 ஆம் ஆண்டில் ரூங்கே என்னும் ஜெர்மானிய அறிஞர் காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார். நாம் விழித்து உழைக்கும்போது மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்கிறது. களைப்பை உணர்த்தும் தூதன் அதுவே. காஃபீன் அத்தூதனுக்குரிய இருக்கையில் தான் அமர்ந்துகொள்கிறது. செய்தி எட்டாமையால் களைப்பு மங்குகிறது. தசையும் இன்னும் சிறிது நேரம் உழைக்கிறது. களைப்பு மறைந்ததேயன்றித் தீர்ந்ததன்று.

நடுவயது முதலே தசை மெல்லக் குறைகிறது. முதுமையில் இந்நலிவு மிகுவதைச் சார்கோபீனியா என்பர். ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளின் ஆய்வுகள் சிலவற்றில், காப்பி பருகுவோரிடம் இந்நலிவு குறைவாகக் காணப்பட்டது. அதனால் காப்பியே தசையைக் காத்தது எனலாமா? நாள்தோறும் மலையேறுவோர் காப்பியும் பருகுகின்றனர். அவர்தம் கால்களும் உரமாய் உள்ளன. உரம் தந்தது குவளையா, ஏற்றமா? இரண்டு ஒருங்கே காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

முல்லைப் பெரியாற்றுப் பாசன வயல்களில் நாற்று நட்டவர் என் அத்தை. காலை உணவை விடுத்துக் காப்பியோடே வயலுக்குச் செல்வது அவர் வழக்கம். அறுபது வயதில், கையூன்றாமல் திண்ணையிலிருந்து எழ அவரால் இயலவில்லை. ஒருவர் கதை சான்றாகாது என்பதை அறிவேன். ஆயினும் தசை வளர்வது புரதத்தாலும் உழைப்பாலுமே. களைப்பை மறைக்கும் பானம் உணவுக்கு ஈடாகாது.

2024 ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட உணவு நெறிகள், நாளொன்றுக்குக் காஃபீன் 300 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்கின்றன. 150 மில்லிலிட்டர் வடிகாப்பியில் அது 80 முதல் 120 மில்லிகிராம் வரை உண்டு. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பியைத் தவிர்க்கவும் அந்நெறிகள் கூறுகின்றன. தசைக்கு உயிர்வளி சுமக்கும் குருதிக்கு வேண்டிய இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் காப்பி தடுக்கும்.

இப்போது அத்தை வீட்டில் கம்பங்கூழும் அவித்த தட்டைப்பயறும் முதலில் வருகின்றன. காப்பிக்கு ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். அத்தைக்கு அதில் சற்று வருத்தந்தான்!