முருகனுக்குப் பக்கத்தில் ஒரு திரை

லாரி டாஷ்போர்டில் கணினித் திரையைப் பொருத்துவது சுலபம். மின்சாரத்தையும் டிரைவரின் கண்ணையும் சமாளிப்பதுதான் கஷ்டம்.

மாட்டுங்காவில் வாங்கிய முருகன் படம், ஊதுபத்தி ஸ்டாண்டு, பிளாஸ்டிக் பூமாலை. இத்தனை காலம் லாரி டாஷ்போர்டில் இவர்கள் ராஜ்யம்தான். இப்போது பக்கத்திலேயே பத்து அங்குலத் திரை ஒன்றும் இடம் கேட்கிறது. வழி காட்ட, பின்னால் இருப்பதைக் காட்ட, பாட்டுப் போட, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

அமெரிக்க லாரிகளில் இது பழைய கதை. 1988-லேயே 'ஆம்னிட்ராக்ஸ்' என்ற கருவி மூலம் செயற்கைக்கோள் வழியாக டிரைவருக்குச் செய்தி அனுப்பினார்கள். இங்கே விஷயம் வேறு. பல லாரிகள் வெறும் சேஸிஸாகவே விற்கப்பட்டவை. கேபினும் டாஷ்போர்டும் நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் உருவானவை. மரப்பலகையும் சன்மைக்காவும்தானே, அறுத்து ஓட்டை போடுவதில் யாருக்கும் தயக்கமில்லை. கார்த் திரைகளின் சட்டம் பொதுவாக 180 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம். பெரிய திரையென்றால் பலகைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். கண்ணாடியை மறைக்காமலும் கியர் போடும் கையில் இடிக்காமலும் வைப்பதில்தான் மிஸ்திரியின் திறமை. அடியில் ரப்பர் வாஷர் வைக்காவிட்டால் மும்பைச் சாலைக் குழிகளே ஸ்குருவைக் கழற்றிவிடும்.

உண்மையான வில்லன் மின்சாரம். கனரக லாரியில் ஓடுவது 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக. எஞ்சின் ஓடும்போது 28 வரை ஏறும். காருக்கான திரையோ 12 வோல்ட். நேரடியாகக் கொடுத்தால் கருகிவிடும். அதற்காகச் சிலர் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து வயர் இழுத்துவிடுகிறார்கள். முதலில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த பேட்டரி மட்டும் தளர்ந்துபோக, மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகி, இரண்டும் சீக்கிரமே கெடும். முறையான வழி 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும். திரையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு. ஆனாலும் பேரத்தில் முதலில் கழிபடுவது இதுதான்.

சாதாரண லாரியில் இது பேட்டரி நஷ்டம். செம்பூரை ஒட்டிய மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளில் பெட்ரோல் ஏற்றும் டேங்கரில் அப்படியல்ல. அதனால்தான் டேங்கர்களில் பொறி தடுப்பானும், ஆபத்தில் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம். அந்த சுவிட்சைத் தாண்டித் தனியாக இழுத்த ஒரு திரை வயர் அத்தனை ஏற்பாட்டையும் வீணாக்கிவிடும். டேங்கரில் எந்த வயரையும் கம்பெனி ஒர்க்‌ஷாப்பைக் கேட்காமல் தொடக்கூடாது.

இனி டிரைவரின் கண். தாராவியை ஒட்டிப் போகும் சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போகும் டிரைவர் இரண்டு வினாடி திரையைப் பார்த்தால், லாரி 22 மீட்டர் பார்வையில்லாமல் ஓடியிருக்கும். அந்த 22 மீட்டருக்குள் கைவண்டி, சைக்கிள், பள்ளிப் பிள்ளை எது வேண்டுமானாலும் வரலாம். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த அனுமதிக்கிறது. சினிமாவுக்கு அதில் இடமில்லை.

ரிவர்ஸ் கேமரா மட்டும் கொடுத்த காசுக்கு உழைக்கும். கிளீனர் பின்னால் நின்று "வா, வா" என்று கத்துவதை எஞ்சின் இரைச்சலில் டிரைவர் பாதிதான் கேட்கிறார்.

ஹேண்ட் பிரேக் விடுபட்டதும் வீடியோவை நிறுத்தும் ஏற்பாடு பல திரைகளில் உண்டு. அதற்கென ஒரு மெல்லிய வயர் வரும். அதை பிரேக் சுவிட்சில் இணைக்க வேண்டும். டிரைவர் கேட்பதற்கு முன்பே அதை பாடியில் முறுக்கிவிட்டு, படம் எப்போதும் ஓடும்படி செய்துவிடும் மிஸ்திரிகளுக்கும் குறைவில்லை. வண்டியை எடுக்கும்போது அந்த வயர் எங்கே போகிறது என்று லாரி முதலாளி ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.